அணி எண்ணும் ஆய்வும் கேளாத பாட்டும்

இந்தியப் பல்கலைக்கழகங்களின் ஆங்கில இலக்கியத் துறைகளில் ஒருவகை ஆய்வேடு பெருகிவருகிறது. தலைப்பு ஏறக்குறைய எப்போதும் ஒன்றே: இன்ன ராக் குழுவின் பாடல்களில் அணிநலன்கள். முதல் இயல் ராக் இசையின் வரலாற்றைச் சொல்லும். இரண்டாம் இயல் உவமை, உருவகம், முரண், மிகைக்கூற்று, மோனை ஆகியவற்றுக்கு இலக்கணம் தரும். மூன்றாம் இயலில் பத்துப் பாடல்களிலிருந்து பொறுக்கியெடுத்த அடிகள் இடப்பக்கமும் அணியின் பெயர் வலப்பக்கமுமாக நிற்கும். நான்காம் இயலில் அட்டவணை வரும். முடிவுரையில், இப்பாடல்களில் உருவகமே மிகுதியாகப் பயின்றுவந்துள்ளது என்ற கண்டுபிடிப்பு அறிவிக்கப்படும். நெறியாளர் கையெழுத்திடுவார், தேர்வாளர் மேற்கோள் குறிகளைத் திருத்துவார், பட்டம் கிடைத்துவிடும்.

இத்தகைய ஏட்டில் பெரும்பாலும் பிழை இருப்பதில்லை. உருவகம் என்று குறிக்கப்பட்டது உருவகமே, எண்ணிக்கையும் சரியே. பிழையில்லாமலேயே ஓர் ஆய்வு எதையும் சொல்லாமல் இருக்க முடியும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று கிடைக்காது. அந்தப் பாடல் எதைச் சொல்கிறது, யாருக்குச் சொல்கிறது, அந்த அணி அங்கே இல்லாவிட்டால் என்ன கெட்டுப்போகும் ஆகிய கேள்விகளுக்கு அட்டவணையில் இடமில்லை. அணி என்பது பொருளைச் சுமந்துவரும் வழி என்று இரண்டாம் இயலில் எழுதிவிட்டு, மூன்றாம் இயலில் அதை வண்டியிலிருந்து கழற்றிய சக்கரம்போல் தனியே உருட்டிக்காட்டுகிறார்கள்.

அட்டவணை முறையைச் சோதிக்க ஒரு பாடல் போதும். தி போலீஸ் குழு 1983-இல் வெளியிட்ட 'எவ்ரி பிரெத் யு டேக்' அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் முதலிடம் பிடித்த பாடல். உலகெங்கும் திருமண விருந்துகளில் மணமக்கள் ஆடுவதற்கு இன்றும் ஒலிக்கிறது. அதை எழுதிய ஸ்டிங்கோ, அது காதல் பாட்டு அன்று, கண்காணிப்பையும் உடைமை வெறியையும் பற்றியது என்று பல நேர்காணல்களில் சொல்லிவிட்டார். பிரிந்துபோன ஒருத்தியின் ஒவ்வொரு அசைவையும் விடாமல் பார்த்துக்கொண்டிருக்கும் ஒருவனின் குரல் அது.

இதை அட்டவணை எப்படிக் காட்டும்? அடிமுதற்சொல் மீளல் உண்டு, இயைபு உண்டு, மிகைக்கூற்று உண்டு என்று எழுதும். இம்மூன்றும் எந்த நல்ல காதல் பாட்டிலும் உண்டு. ஆகவே, மணமேடையில் பாடத்தக்க பாட்டும் காவல் நிலையத்தில் புகார் கொடுக்கத்தக்க பாட்டும் அட்டவணையில் ஒன்றாகவே பதிவாகும். இரண்டுக்கும் இடையிலுள்ள வேறுபாட்டைக் காட்ட முடியாத கருவியால் இலக்கியத் துறைக்கு என்ன பயன்?

அதே அணிகளைக் காதால் பின்தொடர்ந்தால் கதை வேறு. பாட்டின் அடிகள் பெரும்பாலும் ஒரே சொல்லில் தொடங்குகின்றன. ஈற்றில் பெரும்பாலும் ஒரே உயிரோசை திரும்பத் திரும்ப விழுகிறது. சாதாரணமாக இயைபு காதுக்கு இன்பம் தரும். அடுத்த ஓசை வேறாக இருக்கும்போதுதான் அந்த இன்பம். இங்கே ஓசை மாற மறுக்கிறது. பார்ப்பவன் பார்வையை எடுக்காததுபோல ஈற்றோசையும் இடத்தை விட்டு நகர்வதில்லை. இடைப்பகுதியில் மெட்டு மாறுகிறது, அடிமுதலில் மீண்டுவந்த சொல் மறைகிறது. ஆனால் அந்த உயிரோசை அங்கேயும் தொடர்ந்துவருகிறது. அப்பகுதியின் கடைசி அடியில்தான் அது உடைகிறது. அந்த இடத்தில்தான் கண்காணிப்பவன் கெஞ்சுபவனாகிறான். அவனுடைய அதிகாரத்துக்கு அடியில் இருந்த ஒன்றுமின்மை ஓரடி நேரத்துக்கு வெளியே தெரிகிறது; உடனே பழைய ஓசை வந்து அதை மூடிவிடுகிறது. இயைபு இங்கே அழகுக்காக வரவில்லை. அது ஒரு மனநோயின் வடிவம். இதற்கு அடியில் இசைவரிசையோ, ஐம்பதுகளிலிருந்து மேற்கத்திய காதல் பாடல்கள் தேய்த்துப் பழகிய அதே வரிசை. 1961-இல் பென் இ. கிங் பாடிய 'ஸ்டாண்ட் பை மீ'யின் அடிப்படையும் அதுவே. கேட்பவரின் காது காதலை எதிர்பார்க்கும்படி இசை பழக்கிவைத்திருக்கிறது. சொல் அந்த எதிர்பார்ப்பின் முதுகுக்குப் பின்னால் நின்று வேறு வேலை செய்கிறது. இந்த முரணைக் காணாமல் இயைபு என்று எழுதி ஒரு எண்ணைப் போடுவது ஆய்வாகாது.

கேளாமல் வாசிப்பதன் விலை இலக்கியத் துறைக்குள் மட்டும் நின்றுவிடுவதில்லை. புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீனின் 'பார்ன் இன் தி யு.எஸ்.ஏ.' 1984 ஜூனில் வெளிவந்தது. அதே ஆண்டு செப்டம்பரில் பத்தி எழுத்தாளர் ஜார்ஜ் வில், ஸ்பிரிங்ஸ்டீனின் கச்சேரிக்குப் போய்வந்து, அவரை அமெரிக்க உழைப்புணர்வின் மகிழ்ச்சியான தூதராகக் காட்டி எழுதினார். சில நாட்கள் கழித்து, செப்டம்பர் 19 அன்று, மறுதேர்தலுக்காக நியூ ஜெர்சியின் ஹாமன்டனில் பேசிய அதிபர் ரொனால்ட் ரீகன், அம்மண்ணின் மைந்தரான ஸ்பிரிங்ஸ்டீனின் பாடல்களில் நம்பிக்கையின் செய்தி இருப்பதாகப் புகழ்ந்தார். இரண்டு நாட்களுக்குப் பின் பிட்ஸ்பர்க் மேடையில் ஸ்பிரிங்ஸ்டீன், அதிபருக்குத் தம் இசைத்தட்டுகளில் எது பிடித்திருக்கும் என்று வியந்து, அது 'நெப்ராஸ்கா'வாக இருக்காது என்று சொல்லிவிட்டு, ஆலை மூடப்பட்டு வேலையிழந்து கொலைகாரனாகிவிடும் ஒரு தொழிலாளியைப் பற்றிய 'ஜானி 99'ஐப் பாடினார்.

'பார்ன் இன் தி யு.எஸ்.ஏ.' பாட்டில் உள்ளது என்ன? பிழைக்க வழியில்லாத ஊரில் பிறந்த ஒருவன் சிறு வழக்கில் சிக்கி, வியட்நாம் போருக்கு அனுப்பப்படுகிறான். திரும்பிவந்தபின் எண்ணெய் ஆலையில் வேலை இல்லை. முன்னாள் படைவீரர்களுக்கான அலுவலகத்திலும் கைவிரிக்கிறார்கள். கே சான் போர்முனையில் இருந்த சகோதரன் திரும்பவில்லை. அவனுடைய ஒரு புகைப்படம் மட்டும் எஞ்சியிருக்கிறது. பத்தாண்டுகளுக்குப் பிறகும் போக்கிடமில்லாமல் சிறைச்சாலையின் நிழலில் அவன் நிற்கிறான். இவ்வளவுக்கும் நடுவே, பிறந்த நாட்டின் பெயரை முழங்கும் பல்லவி. சரணம் சொல்வதைப் பல்லவி மறுக்கிறது. பல்லவி முழங்குவதைச் சரணம் கேலியாக்குகிறது. ஒரே சொற்றொடர் ஒவ்வொரு முறையும் வேறொரு துயரத்துக்குப் பின் வருவதால் அதன் பொருள் ஒவ்வொரு முறையும் சற்று மாறுகிறது. முதலில் பிறப்புச் செய்தியாக இருப்பது பின்னர் முறையீடாகிறது. இறுதியில் ஒரு குற்றச்சாட்டாகவே ஒலிக்கிறது. நுட்பமான இடம் இன்னொன்று உண்டு. வேலை மறுக்கப்பட்ட சரணத்துக்குப் பின்பும், சகோதரனின் சாவைச் சொன்ன இடத்துக்குப் பின்பும் பல்லவி வருவதில்லை. காது அதை எதிர்பார்க்கிறது. அது வராமல் பாட்டு மேலே நகர்கிறது. சொல்லாமல் விட்டதே அங்கே பொருள். எந்த அட்டவணை வராத பல்லவியை எண்ணும்?

இதே பாட்டுக்கு முந்தைய வடிவம் ஒன்று உண்டு. 'நெப்ராஸ்கா' இசைத்தட்டின் பாடல்களோடு 1982-இல் வீட்டிலேயே ஒற்றைக் குரலும் கிதாருமாகப் பதிவுசெய்யப்பட்டு, 1998-இல் 'டிராக்ஸ்' தொகுப்பில் வெளியானது. சொற்கள் ஏறக்குறைய அவையே, அணிகளும் அவையே. ஆனால் அந்தப் பதிவைக் கேட்ட எவரும் அதைத் தேர்தல் மேடைக்குக் கொண்டுபோக நினைக்கமாட்டார். அங்கே பல்லவி முழக்கமாக ஒலிப்பதில்லை. தொண்டைக்குள் முனகலாகக் கிடக்கிறது. 1984-இன் பதிவில் முரசும் விசைப்பலகையும் சேர்ந்து பல்லவியைக் கொடியேற்றப் பாட்டாக்கின. வஞ்சப்புகழ்ச்சி சொல்லில் மட்டும் இருந்திருந்தால் இரு பதிவுகளும் ஒன்றையே சொல்லியிருக்க வேண்டும். அது சொல்லுக்கும் முரசுக்கும் இடையில் பிறந்தது. அச்சிட்ட வரிகளை மட்டும் மேசையில் வைத்துக்கொண்டு அதைக் கண்டுபிடிக்க முடியாது.

இங்கே நேர்மையாக ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். அரசியல்வாதிகள் தவறாகக் கேட்டதற்குப் பாட்டுக்கும் பங்கு உண்டு. முழக்கத்தின் இன்பத்தை அவ்வளவு தாராளமாக வழங்கிய பாட்டு, சரணத்தைக் கேளாமல் பல்லவியை மட்டும் பாடிச்செல்லும் வசதியையும் கூடவே கொடுத்துவிட்டது. வஞ்சப்புகழ்ச்சி எப்போதும் இந்த ஆபத்தோடுதான் நடக்கிறது. கேட்பவர் பாதி மட்டும் கேட்டால் அது வெறும் புகழ்ச்சி. ஆய்வு பேச வேண்டியது இந்த ஆபத்தைப் பற்றி. முரண் அணி ஒன்று என்று குறித்துவிட்டு நகரும் ஏடு, ரீகனைவிட நன்றாகக் கேட்டதற்கு எந்தச் சான்றும் தரவில்லை.

தமிழ் படித்த ஆய்வாளர் இந்த வறுமைக்கு ஆளாக வேண்டியதில்லை என்பது கூடுதல் வேதனை. தண்டியலங்காரத்தின் பொருளணிகள் முப்பத்தைந்தையும் மனப்பாடமாகச் சொல்லும் மாணவருக்கு, தொல்காப்பியச் செய்யுளியல் வேறொரு பட்டியல் தருவது தேர்வுக்கு மட்டுமே நினைவிருக்கிறது. செய்யுளுக்கு முப்பத்துநான்கு உறுப்புகள் சொன்ன அந்நூல், அவற்றுள் கூற்று, கேட்போர், களன், காலம், பயன், எச்சம், முன்னம் ஆகியவற்றையும் உறுப்புகளாகவே வைத்தது. யார் பேசுகிறார், யார் கேட்கிறார், எங்கே, எப்போது, எதற்காக, எது சொல்லாமல் விடப்பட்டது, இந்தச் சொல் இந்த இடத்தில் இவருக்கே உரியது என்று கேட்பவர் எப்படி அறிகிறார் என்ற கேள்விகள் எல்லாம் செய்யுளுக்கு வெளியேயுள்ள பின்னணிச் செய்திகளாக அங்கே கருதப்படவில்லை. அடியும் சீரும்போல அவையும் செய்யுளின் உடம்பு. தூக்கும் வண்ணமும் அதே பட்டியலில் உள்ளன. ஓசையை நீக்கிவிட்டுப் பொருள் பேசும் வழக்கம் அங்கே இல்லை.

தொல்காப்பியர் ராக் இசையை முன்னறிந்தார் என்று மார்தட்டுவதற்காக இது சொல்லப்படவில்லை. அத்தகைய பெருமிதமும் ஒருவகைச் செவிட்டுத்தனம். கையில் கூரிய கருவி இருக்கும்போது மொண்ணைக் கருவியை இரவல் வாங்குவது ஏன் என்பதே கேள்வி. தொண்டைமானின் படைக்கலக் கொட்டிலில் நின்று ஔவை பாடிய புறநானூற்றுப் பாட்டைப் பள்ளி மாணவரும் அறிவர். நெய் பூசி மாலை சூட்டிய அவனுடைய வேல்களையும், நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கும் அதியமானின் வேல்களையும் அவர் அருகருகே வைத்தார். ஔவை அதியமானின் தூதர் என்பதும், கேட்பவன் தொண்டைமான் என்பதும், இடம் அவனுடைய ஆயுதச் சாலை என்பதும் தெரியாவிட்டால், அது நல்ல பராமரிப்பைப் பாராட்டும் பாட்டாகிவிடும். கூற்றும் கேட்போரும் களனும் இல்லாமல் வஞ்சப்புகழ்ச்சி இல்லை. ஹாமன்டன் மேடையில் நடந்ததும் இதுவே: தொண்டைமான் அந்தப் பாட்டைத் தன் புகழாகவே எடுத்துக்கொண்டான்.

கூற்று என்ற ஓர் உறுப்பை மட்டும் எடுத்துக்கொண்டு ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் 'சிம்பதி ஃபார் தி டெவில்' பாடலுக்குப் போகலாம். 1968-இல் வெளிவந்த அப்பாட்டு முழுவதும் சாத்தானின் தன்மைக்கூற்று. மிகயில் புல்ககோவின் 'மாஸ்டரும் மார்கரிட்டாவும்' நாவலின் பாதிப்பில் மிக் ஜாகர் எழுதியது. பேசுபவன் பண்புமிக்க கனவான். வரலாற்றின் கொலைக்களங்கள் ஒவ்வொன்றிலும் தான் அருகில் நின்றதை, விருந்தினரிடம் பயணக்கதை சொல்வதுபோல் சொல்கிறான். சாத்தானைப் போற்றும் பாட்டு என்று அதைத் தூற்றியவர்கள் பாடகரையும் பாத்திரத்தையும் ஒன்றாக்கினார்கள். தலைவி கூற்றைப் புலவரின் வாக்குமூலமாக எடுத்துக்கொள்ளும் அதே பிழை.

அப்பாட்டின் ஒலிப்பதிவு லண்டனில் 1968 ஜூனில் நடந்துகொண்டிருந்தபோது அமெரிக்காவில் ராபர்ட் கென்னடி சுடப்பட்டு இறந்தார். அவருடைய அண்ணன் ஜான் கென்னடி கொல்லப்பட்டதைக் குறித்திருந்த அடி, இருவரையும் குறிக்கும்படி ஒருமையிலிருந்து பன்மைக்கு மாற்றப்பட்டது. இலக்கணக் கணக்கில் ஒரு விகுதிதான் மாறியது. ஆனால் அந்த விகுதியோடு பாட்டின் காலமே மாறியது. அதுவரை வரலாற்றுப் பாடமாக இருந்தது, அன்றைய செய்தித்தாள் ஆயிற்று. முடிந்துபோன கொலைகளின் பட்டியல் முடியாத பட்டியலாயிற்று. அந்த அடியிலேயே பேசுபவன் பழியைக் கேட்பவரோடும் பங்கிட்டுக்கொள்கிறான் என்பதால், நேற்று நடந்த கொலையில் கேட்பவருக்கும் பங்கு வந்துவிட்டது. அட்டவணைக்கு இதில் எடுத்துக்கொள்ள எதுவுமே இல்லை. பன்மை விகுதி அணியன்று. ஆனால் அப்பாட்டின் மிகக் கூரிய இடம் அதுதான்.

கேட்போரும் களனும் பொருளை எப்படி ஆக்குகின்றன என்பதற்கு பிங்க் ஃபிளாய்டின் 'அனதர் பிரிக் இன் தி வால்' பாடலின் இரண்டாம் பகுதி போதுமான சான்று. 1979-இல் ரோஜர் வாட்டர்ஸ் எழுதியது. லண்டன் இஸ்லிங்டன் பகுதியின் ஒரு பள்ளிப் பிள்ளைகள் கூட்டுக்குரலாகப் பாடியது. சுவர், செங்கல் என்ற உருவகத்தை எந்த மாணவரும் காட்டிவிடுவார். தொடக்க வாக்கியத்தின் இரட்டை எதிர்மறையைச் சற்றுக் கூர்ந்தவர்கள் காட்டுவார்கள்: பாடம் வேண்டாம் என்று மறுப்பவர்கள், பள்ளி இலக்கணம் பிழையென்று சிவப்பு மையால் சுழிக்கும் வாக்கியத்திலேயே மறுக்கிறார்கள். அது அறியாமையா, அறிந்தே செய்த கலகமா என்ற ஐயம் பாட்டின் பொருளோடு பின்னியது. அதைத் தனியாள் பாடாமல் குழந்தைகளின் குரல் பாடும்போது அந்த ஐயம் இன்னும் ஆழமாகிறது. ஒரே சீராக, அணிவகுப்புபோலப் பாடும் அக்குரல்கள், எதை எதிர்க்கின்றனவோ அதன் வார்ப்பாகவும் ஒலிக்கின்றன.

ஆனால் 1980-இல் தென்னாப்பிரிக்காவில், நிறவெறி அரசு கறுப்பின மக்களுக்கு வகுத்திருந்த தாழ்ந்த தரக் கல்விக்கு எதிராக வகுப்புகளைப் புறக்கணித்த மாணவர்கள் அப்பாட்டைத் தங்கள் பாட்டாக்கிக்கொண்டார்கள். அரசு அதைத் தடைசெய்தது. இங்கிலாந்துப் பள்ளியின் கண்டிப்பைப் பற்றிய கசப்பாக எழுதப்பட்டது, அங்கே ஒரு கல்விச் சட்டத்துக்கு எதிரான கோஷமாயிற்று. ஓர் எழுத்தும் மாறவில்லை. கேட்போர் மாறினார்கள், களன் மாறியது. உருவகத்தின் சுவர் எந்தச் சுவர் என்பது மாறியது. அங்கே கல்வி வேண்டாம் என்று பாடியவர்கள் உண்மையில் நல்ல கல்வியைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். தடைசெய்த அதிகாரிகள் அணியிலக்கணம் படித்தவர்களாக இருந்திருக்க வேண்டியதில்லை. ஆனாலும் இன்றைய பல ஆய்வேடுகளைவிட நன்றாக அப்பாட்டை வாசித்திருக்கிறார்கள்.

இந்த வாதத்துக்கு இரு பக்கத்திலிருந்தும் மறுப்பு எழும். ராக் பாட்டு இலக்கியமே அன்று, அதற்கு இவ்வளவு எதற்கு என்பது முதல் மறுப்பு. 2016-இல் பாப் டிலனுக்கு நோபல் பரிசு அறிவிக்கப்பட்டபோது இக்குரல் உரக்க ஒலித்தது. 1913-இல் அதே பரிசைப் பெற்ற தாகூர் ஆயிரக்கணக்கான பாடல்களுக்கு இசையமைத்தவர் என்பதை இந்தியத் துறைகளாவது நினைவில் வைத்திருக்கலாம். ஆனால் டிலனுக்காக வாதாடியவர்களும் பிழையான வழியில் வாதாடினார்கள். இசையை நீக்கித் தாளில் அச்சிட்டாலும் இது கவிதையாக நிற்கும் என்றார்கள். டிலனே தம் 2017 நோபல் உரையில் அதை ஏற்கவில்லை. ஷேக்ஸ்பியரின் சொற்கள் மேடையில் நடிப்பதற்கானவை என்பதுபோலப் பாட்டின் சொற்கள் பாடுவதற்கானவை, தாளில் வாசிப்பதற்கானவை அல்ல என்பதே அவர் நிலை. இசையியலாளர் சைமன் ஃபிரித்தும் 1996-இல் எழுதிய நூலில் இதையே வேறு வகையில் நிறுவினார்: பாடல்வரியைக் கேட்பவர் சொல்லையும், அது சொல்லப்படும் முறையையும், சொல்லும் குரலையும் ஒருசேரக் கேட்கிறார். பாட்டை மதிப்பதற்காக அதைக் கவிதையாக வேடமிட்டு அழைத்துவருவது மதிப்பாகாது.

இரண்டாம் மறுப்பு முறையியல் சார்ந்தது. எண்ணிக்கை புறவயமானது, விளக்கம் அகவயமானது. ஆய்வென்றால் புறவயமாக இருக்க வேண்டும் என்பார்கள். எண்ண முடிவதெல்லாம் அறிவு, எண்ண முடியாததெல்லாம் கருத்து என்ற இந்தப் பிரிவினையை இலக்கியத் துறைகள் அச்சத்தால் ஏற்றுக்கொண்டவை. 'எலினார் ரிக்பி'யை எடுத்துக்கொள்ளலாம். 1966-இல் பீட்டில்ஸ் வெளியிட்ட அப்பாட்டில் குழுவினர் எவரும் கருவி இசைக்கவில்லை. நான்கு வயலின், இரண்டு வயோலா, இரண்டு செல்லோ மட்டும். தனிமையில் வாழும் ஒரு பெண் ஒரு சரணத்தில் வருகிறாள். தனிமையில் வாழும் ஒரு பாதிரியார் அடுத்த சரணத்தில் வருகிறார். இருவரும் ஒரே சரணத்தில் சேர்வது கடைசியில்தான்: அவள் இறந்தபின், அவர் அவளை அடக்கம் செய்யும்போது. பாட்டின் அமைப்பே தனிமையை நடத்திக்காட்டுகிறது என்ற இந்த வாசிப்பில் அகவயம் எங்கே இருக்கிறது? சரணங்களை எவரும் சரிபார்க்கலாம். மறுக்க விரும்புபவர் மறுப்புச் சான்று தரலாம். அணிகளின் எண்ணிக்கையைவிட இது எவ்வகையிலும் குறைந்த புறவயமுடையதன்று. குறைவாக இருப்பது எண்ணுபவரின் உழைப்புதான். எண்ணும் வேலையை இன்று ஒரு மென்பொருள் சில நொடிகளில் முடித்துவிடும். மென்பொருளால் முழுமையாகச் செய்துவிடக்கூடியதையே தன் முறையியலாக வைத்திருக்கும் துறை, தன் இருப்பை எதைச் சொல்லி நியாயப்படுத்தும்?

இந்த வழக்கத்தால் உண்மையில் இழப்பவர் மாணவர். ஷில்லாங்கில் லூ மஜாவ் 1972 முதல் மே 24 அன்று டிலனின் பிறந்தநாளைப் பாட்டாலேயே கொண்டாடிவருகிறார். எழுபதுகளின் கொல்கத்தாவில் கௌதம் சட்டோபாத்யாயும் நண்பர்களும் தொடங்கிய இசைக்குழு, ஜீவனானந்த தாஸின் கவிதையிலிருந்து எடுத்து 'மொஹீனேர் கோராகுலி' என்று தனக்குப் பெயர் வைத்துக்கொண்டது. மேற்கின் கிதாரைக் கையில் எடுத்த அதே கணத்தில் வங்கக் கவிதையை நெற்றியில் எழுதிக்கொண்ட அந்தச் செயலைவிடச் செறிந்த இலக்கியக் குறிப்பு எந்த அணி நூலில் இருக்கிறது? இந்நாட்டில் ராக் பாட்டு இப்படித்தான் கேட்கப்பட்டிருக்கிறது: உடம்பால், கூட்டத்தால், தன் மொழியின் நினைவோடு. ஆங்கிலம் இரண்டாம் மொழியாகவோ மூன்றாம் மொழியாகவோ வாய்த்த மாணவர் பலர், சொல் முழுவதும் விளங்குவதற்கு முன்பே குரலின் கோபத்தையும் பல்லவியின் ஏமாற்றத்தையும் புரிந்துகொண்டவர்கள். அந்தக் கேள்விஞானம்தான் அவர்களுடைய முதல் தரவு. துறைக்குள் நுழைந்ததும் அதை வாசலில் விட்டுவிட்டு வரச்சொல்லிக் கையில் ஓர் அட்டவணையைத் திணிக்கிறார்கள். மூன்று ஆண்டுகள் கழித்து ஏடு முடியும்போது அந்த மாணவர் பாட்டைப் பற்றி அறிந்திருப்பது, உள்ளே வரும்போது அறிந்திருந்ததைவிடக் குறைவு.

பழியை மாணவர்மேல் சுமத்துவது அநியாயம். கேட்கும் முறையை யாரும் அவருக்குக் கற்பிக்கவில்லை. அட்டவணை இருந்தால் முறையியல் இருக்கிறது என்று நெறியாளர் நம்புகிறார். அட்டவணை இல்லாத ஏட்டைத் திருப்பியனுப்புவது தேர்வாளருக்கு எளிது. எண்ணியது சரியா என்று சரிபார்ப்பதற்கு அந்தப் பாட்டை ஒருமுறைகூடக் கேட்க வேண்டியதில்லை என்பதே இம்முறையின் பெரிய வசதி. கேளாமலே எழுதவும், கேளாமலே திருத்தவும், கேளாமலே பட்டம் வழங்கவும் இடங்கொடுக்கும் ஏற்பாடு இது.

மாற்று வழி கடினமானதன்று. ஏட்டில் ஒரு பாடலைச் சேர்ப்பதற்கு முன் அதன் இரு பதிவுகளையாவது கேட்டு, எது மாறியது, பொருள் எங்கே நகர்ந்தது என்று எழுதச்சொல்லலாம். பேசுபவர் யார், கேட்பவர் யார் என்ற இரு கேள்விகளுக்கு விடை எழுதாமல் ஓர் அணியையும் பெயரிடக் கூடாது என்று நெறியாளர் விதிக்கலாம். பெயரிட்ட அணியை நீக்கியோ மாற்றியோ பார்த்து, பாட்டில் எதுவும் குறையவில்லையென்றால் அந்த வரிசையை அட்டவணையிலிருந்து அடித்துவிடலாம். இந்தச் சோதனைக்குப் பின் எஞ்சும் அணிகள் ஐந்தோ ஆறோதான் இருக்கும். ஆனால் அந்த ஐந்தைப் பற்றிச் சொல்வதற்கு ஓர் இயல் போதாது.

முழக்கங்கள் மலிந்த காலம் இது. பல்லவியை மட்டும் பிடுங்கிக்கொண்டு சரணத்தைக் குப்பையில் எறிவது தேர்தல் மேடைக்கும் விளம்பரத்துக்கும் கைவந்த கலை. வராத பல்லவியையும், மாறிய விகுதியையும், நகர மறுக்கும் ஈற்றோசையையும் கேட்டறியும் காதுகளை உருவாக்கும் இடம் ஒன்று எங்காவது இருக்க வேண்டுமென்றால், அது இலக்கிய வகுப்பறையாகத்தான் இருக்க முடியும். அங்கேயும் எண்ணிக்கை மட்டுமே நடக்கும் என்றால், ஹாமன்டனில் கைதட்டிய கூட்டத்தைக் குறைசொல்லும் தகுதி அந்த வகுப்பறைக்கு இல்லை.